94-ல் நின்றுபோன வேகமும், வந்து வந்து போகும் இணைப்பும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கீழ்த்தளத்தில் இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன மோடம். அங்கிருந்து சுவருக்குள் 25 மீட்டர் ஓடி மாடி அறைக் கணினிக்கு வரும் ஒரே ஒரு வயர். 300 எம்பிபிஎஸ் திட்டம்; இரண்டு வருடமாக 280-க்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. போன மாதம் நான்கு கேமராவும், அவற்றின் படங்களைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டியும் மாட்டினீர்கள். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று, பழைய இணைப்பில் மிச்சமிருந்த ரூட்டரையும் எடுத்து வைத்தீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வயர்தான் மேலே வருகிறது என்பதால், அந்த ஒரு வயரைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஓர் எட்டு போர்ட் ஸ்விட்ச் பெட்டி. எலக்ட்ரீஷியன் வயர் முனையை வெட்டிப் புதுக் கிளிப் அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வேகம் 94-ஐத் தாண்டவில்லை. அது போதாதென்று, சில நாள் காலையில் கணினியைப் போட்டால் 'கனெக்டட்' என்று காட்டுகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிறது. வாடிக்கையாளர் சேவையில் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்கிறார்கள். கேட் 7 வயர் வாங்குவதா, புது ரூட்டர் வாங்குவதா, கம்பெனியையே மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதை வாங்குவது என்ற கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். ஒரே வாரத்தில் வந்ததால் ஒன்றுபோலத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே மருந்து தேடினால் புது ரூட்டர் வாங்கிய பிறகும் 94-தான் வரும். நீங்கள் ரூட்டரைத் திட்டுவீர்கள். கோவைப் பக்கம் 18 வருடமாக மில், கடை, வீடு என்று வயர் இழுத்து, ஸ்விட்ச் மாட்டி, கேமரா பொருத்தி வருகிறேன். இணைய நிறுவனத்துக்குள் வேலை பார்த்ததில்லை. அதனால் மோடத்துக்கு இந்தப் பக்கம் நடப்பதைப் பற்றித் தைரியமாகச் சொல்வேன். அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும்.

முதலில் 94. இந்த எண் எனக்குப் பழைய நண்பன் மாதிரி. வெளியே நெரிசலாக இருந்தால் வேகம் காலையில் 210, இரவு 130 என்று ஆடும். உங்களுக்கு எப்போது பார்த்தாலும் 93, 94, 94 என்று ஒரே இடத்தில் நிற்கிறது. அப்படி நின்றால் ஏதோ ஓர் இடத்தில் 100 எம்பிபிஎஸ் என்ற கூரை இடிக்கிறது என்று அர்த்தம். 100-க்குப் பதில் ஏன் 94? ஈதர்நெட்டில், அதாவது இந்த வயர் வழி இணைப்பு முறையில், தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகும்; ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு, நடுவில் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து வயரில் 1538 பைட் செலவாகும். அதில் உங்கள் சரக்கு 1460 பைட்தான். கணக்குப் போட்டால் 94.9 வரும். இன்னும் சில்லறைச் செலவு கழித்தால் ஸ்பீடு டெஸ்டில் 94. இந்தக் கோளாறில் எனக்குச் சந்தேகமே இல்லை: மோடத்துக்கும் கணினிக்கும் இடையே ஏதோ ஒரு கண்ணி 100-ல் ஓடுகிறது. எந்தக் கண்ணி என்பதுதான் தெரியவேண்டும்.

சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ஈதர்நெட்' போங்கள். 'லிங்க் ஸ்பீடு' என்று ஒரு வரி இருக்கும். அது 100/100 என்றால் கோளாறு கணினிக்கும் ஸ்விட்சுக்கும் இடையில்: ஒன்று ஸ்விட்சே 100-க்கானது, இல்லை நடுவில் இருக்கும் குட்டி வயர் சரியில்லை. அது 1000/1000 என்று காட்டியும் டெஸ்டில் 94 வந்தால், கணினியும் ஸ்விட்சும் நன்றாகத்தான் பேசிக்கொள்கின்றன; ஸ்விட்சிலிருந்து கீழே மோடத்துக்குப் போகும் நீள வயரிலோ அது செருகியிருக்கும் துளையிலோதான் பிடி விழுகிறது. இந்த வரி உங்கள் கணினியிலிருந்து அடுத்த பெட்டி வரைக்குமான வேகத்தை மட்டும்தான் சொல்லும் என்பதை மறந்துவிட்டுப் பலர் 'எனக்கு 1000 காட்டுகிறதே, அப்போது வயரில் குறையில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

100/100 வந்தால் ஸ்விட்சைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். '10/100' என்று மட்டும் இருந்தால் கதை முடிந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து எங்கள் ஊர் கடைவீதி வரை, விலை குறைந்த எட்டு போர்ட் ஸ்விட்ச் கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். பெட்டிமேல் 'ஃபாஸ்ட் ஈதர்நெட்' என்று பெருமையாக எழுதியிருக்கும். 1995-ல் அந்தப் பெயர் வைத்தபோது அது வேகம்தான். பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை. கேமராவுக்கு அது தாராளமாகப் போதும், உங்கள் கணினிக்குப் போதாது. '10/100/1000' என்று இருக்கவேண்டும். வாங்கவேண்டிய பொருள் என்று ஏதாவது இருந்தால் அது இந்த ஸ்விட்சாக மட்டும்தான் இருக்கும்.

ஸ்விட்சில் தவறில்லை என்றால் கீழே மோடத்துக்குப் போங்கள். இந்த வேலையெல்லாம் நடந்தபோது வயரை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு யாராவது மாற்றினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்குக் கொடுக்கும் பல மோடங்களில் நான்கு துளை இருந்தால் ஒன்று மட்டும் 1000. மற்ற மூன்றும் 100. சிலவற்றில் துளைக்கு மேல் 1000-க்கு 'ஜிஇ', 100-க்கு 'எஃப்இ' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சிலவற்றில் எதுவும் இருக்காது. பெரும்பாலும் முதல் துளைதான் வேகமானது, ஆனால் நம்பாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். துடைக்கும்போது வயரைக் கழற்றி, பக்கத்துத் துளையில் செருகி, ஆறு மாதம் 94-ல் ஓட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவும் சரி என்றால் எலக்ட்ரீஷியன் அடித்த கிளிப். வயருக்குள் எட்டு இழை, நான்கு ஜோடி. 100-ல் ஓட இரண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 என்ற நான்கு இழைகள். 1000-ல் ஓட நான்கு ஜோடியும் வேண்டும். இரண்டு பெட்டிகளும் எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்வது முதல் இரண்டு ஜோடியில்தான். 1000 என்று ஒப்புக்கொண்டு மற்ற ஜோடிகளையும் சேர்த்து முயன்று பார்க்கும், முடியாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால் நீலத்திலோ பழுப்பிலோ ஓர் இழை தொடாமல் போனாலும் விளக்கு எரியும், நெட் வரும், வேகம் மட்டும் கூரையில் இடிக்கும். கிளிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொக்கி கீழே, தங்க நிறப் பற்கள் மேலே, வயர் உங்களை நோக்கி. இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நிறம் சரியாக இருந்தால், முன்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். எட்டு செப்புப் புள்ளிகளும் பிளாஸ்டிக் சுவரை முட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அவசரத்தில் அடித்த கிளிப்பில் கடைசி ஒன்றோ இரண்டோ அரை மில்லிமீட்டர் பின்னால் நிற்கும். அதிகமும் பழுப்புதான், ஓரத்தில் இருப்பதால். அந்தப் பல் இழையைக் கடிக்கவே இல்லை என்று பொருள்.

கடையில் கிடைக்கும் எட்டு விளக்கு டெஸ்டர் இருந்தால் இது அதிலேயே தெரிந்துவிடும். அந்த டெஸ்டரை முழுக்க நம்பவும் கூடாது. இழை தொடுகிறதா என்பதைத்தான் அது சொல்லும். சரியான ஜோடியோடு முறுக்கியிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இரண்டு முனையிலும் ஒரே மாதிரித் தப்பாக, ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் வைத்து அடித்தால் 1 முதல் 8 வரை அழகாக எரியும், நெட் மட்டும் இழுத்து இழுத்து வரும். உங்கள் வீட்டில் ஒரு முனைதான் புதிது, பழைய முனை இரண்டு வருடம் 280 கொடுத்திருக்கிறது. அதனால் வரிசை பிசகியிருந்தால் டெஸ்டரில் மாட்டிக்கொள்ளும். சுவருக்குள் இருக்கும் வயர்மேல் பழிபோடவும் காரணமில்லை. அதே வயர்தான் 280 கொடுத்தது. புதிதாக அலமாரிக்கோ ஃப்ரேமுக்கோ அந்தச் சுவரில் ஆணி அடித்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

கேட் 7 வேண்டாம். ஆயிரம் எம்பிபிஎஸ்ஸை 100 மீட்டர் கொண்டுபோக நல்ல கேட் 5இ போதும். உங்களுக்கு 25 மீட்டர்தான். கேட் 7-க்கென்று வகுத்த கனெக்டரே வேறு. சாதாரணக் கிளிப்போடு அந்தப் பெயரில் விற்பது பெயருக்குக் கொடுக்கும் காசு. பின்னாளில் எந்த வயர் வாங்கினாலும் ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சிவப்புக்குக் கீழே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசியது. இரண்டு தடவை மடங்கினால் ஒடியும், கேமராவுக்கு அதே வயரில் கரண்ட் அனுப்பினால் சூடாகும். 'ஸ்ப்ளிட்டர்' என்று ஒய் வடிவில் ஒரு துண்டு விற்கிறார்கள், ஒரு வயரை இரண்டாக்கும் என்று. மின்சாரம் எதுவும் வேண்டாத அந்தத் துண்டைத் தனியாக வைத்து இரண்டு கணினியை ஓட்ட முடியாது. அது ஸ்விட்ச் செய்யும் வேலையைச் செய்யாது.

சரி, இனி இரண்டாவது கோளாறு. நேரில் பார்க்காமல் இதில் நூறு சதவீதம் சொல்ல மாட்டேன். ஆனால் 'பழைய ரூட்டர்', 'கனெக்டட் என்று காட்டுகிறது', 'ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரி' என்ற மூன்றும் ஒரே கடிதத்தில் வந்தால் என் கை முதலில் போவது அந்தப் பழைய ரூட்டரிடம்தான்.

வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். கணினி எழுந்ததும் 'எனக்கு ஒரு எண் கொடுங்கள்' என்று வயரில் கூவும். அதற்குப் பதில் சொல்லும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். மோடம் அந்த வேலையை இரண்டு வருடமாகப் பார்த்துவந்தது. பழைய ரூட்டரை நீங்கள் ஸ்விட்சோடு இணைத்தபோது, அது தன் பழைய வேலையை மறக்கவில்லை. அதுவும் எண் கொடுக்க உட்கார்ந்துவிட்டது. இப்போது ஒரே தெருவில் இரண்டு தபால்காரர்கள். கணினியின் கூவலுக்கு மோடம் முதலில் பதில் சொன்னால் நெட் வரும். பழைய ரூட்டர் முந்திக்கொண்டால், ஓர் எண்ணையும் கொடுத்து 'வெளியே போக என் வழியாகப் போ' என்றும் சொல்லிவிடும். அதற்கு வெளியே போக வழியே கிடையாது, அதன் இன்டர்நெட் துளை காலியாகக் கிடக்கிறது. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் கிடைத்துவிட்டது, அதனால் 'கனெக்டட்'. ரீஸ்டார்ட் செய்வது மறுபடி சீட்டுக் குலுக்குவது. மோடம் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். இரவில் அணைத்துக் காலையில் போடும் கணினி தினமும் புதிதாகக் கேட்கும், அதனால்தான் காலையில்.

ஒன்று கவனித்தீர்களா? மாடி வைஃபையில் இருக்கும் போனுக்கும் இதே நிலைதான் வந்திருக்கும். வைஃபையில் நெட் இல்லை என்றதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், உங்களுக்குத் தெரியாது. கோளாறு வந்த காலையில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துப் பாருங்கள்.

உறுதி செய்ய ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நெட் நன்றாக இருக்கும்போது கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ஆல் என்று தட்டுங்கள். ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழ் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஐபிவி4 முகவரி (கணினிக்குக் கிடைத்த எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழி), டிஎச்சிபி சர்வர் (எண் கொடுத்தவர்). நெட் போன காலையில், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன், அதையே மறுபடி எழுதுங்கள். முன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் போய்விடும். நல்ல நாளில் கேட்வே 192.168.1.1, கெட்ட நாளில் 192.168.0.1 என்று வந்தால் நான் சொன்னது சரி, தாளை மடித்து வைத்துவிடலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால் யாருமே பதில் சொல்லவில்லை, கணினி தனக்குத்தானே ஓர் எண் வைத்துக்கொண்டது. அப்போது சந்தேகம் வயர்மீதோ, தொங்கிப்போன மோடம், ஸ்விட்ச்மீதோ திரும்பவேண்டும்.

மூன்றாவதாக ஒன்று வரலாம், அதுதான் ஆட்களைக் குழப்பும். இரண்டு நாளும் எண்கள் ஒன்றுபோலவே இருக்கும். உடனே 'டிஎச்சிபி தகராறு இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள். மோடமும் பழைய ரூட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டிருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து அப்படி வருவது சர்வசாதாரணம். அப்போது ஐபிகான்ஃபிக்கில் வித்தியாசம் தெரியாது. அதே கறுப்புத் திரையில் ஏஆர்பி, இடைவெளி, சிறு கோடு, ஏ என்று தட்டினால் 192.168.1.1-க்கு எதிரே 'ஃபிசிக்கல் அட்ரஸ்' என்று ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும் வரும். அது ஒவ்வொரு பெட்டிக்கும் தனி. நல்ல நாளில் ஒன்றும் கெட்ட நாளில் வேறொன்றும் வந்தால், ஒரே பெயரில் இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள். பெட்டி அடியில் ஒட்டிய சீட்டில் 'எம்ஏசி' என்று இருப்பதோடு ஒப்பிட்டால் யார் என்றும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

சரிசெய்வதற்குக் காசு செலவில்லை, வரிசை மட்டும் பிசகக் கூடாது. பழைய ரூட்டரை ஸ்விட்சிலிருந்து கழற்றி, கணினியோடு மட்டும் நேராக இணையுங்கள். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், முதலில் லேன் முகவரியை, அதாவது வீட்டுக்குள் அந்த ரூட்டருக்கு இருக்கும் எண்ணை, மாற்றுங்கள், மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று வைக்கலாம். மோடம் தானாகக் கொடுக்கும் எண்களின் எல்லைக்குள் அந்த 2 இருந்தால், மோடத்தில் அந்த எல்லையை 192.168.1.50-லிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். ரூட்டர் ஒரு தடவை அணைந்து எழும். புது எண்ணில் மறுபடி உள்ளே போய் டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். வரிசையை மாற்றி டிஎச்சிபியை முதலில் அணைத்தால் கணினிக்கு எண் கிடைக்காது, முகவரியை மாற்ற உள்ளேயே போக முடியாமல் தவிப்பீர்கள். அப்புறம் ஊசியால் ரீசெட் துளையைக் குத்தவேண்டியதுதான். முடிந்ததும் ஸ்விட்சிலிருந்து வரும் வயரை அதன் லேன் துளை ஒன்றில் செருகுங்கள், இன்டர்நெட் துளை காலியாகவே இருக்கட்டும். உங்கள் ரூட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று இருந்தால் இந்த எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்ளும். அந்த முறையில் எந்தத் துளை என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

'இன்டர்நெட் துளையிலேயே செருகிவிட்டால் என்ன?' என்று யாராவது சொல்வார்கள். செருகலாம், நெட் வரும். ஆனால் மாடி வைஃபை தனித் தீவாகிவிடும். கீழ்த்தளத்துப் போனிலிருந்து மாடித் தீவில் இருக்கும் பிரிண்டர் தெரியாது. இரண்டு பக்கமும் 192.168.1 என்றே இருந்தால் அதுவும் ஓடாது, உள்ளே எது வெளியே எது என்று ரூட்டருக்கே புரியாது. உங்கள் தேவைக்கு முதல் வழிதான் நல்லது.

கேமராக்களைப் பற்றி ஒரு வார்த்தை. நெட் மெதுவானால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது கேமராவைத்தான், பெரும்பாலும் அநியாயமாக. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று 4 எம்பிபிஎஸ் அளவில் அனுப்பும், நான்குக்கு 16. அதுவும் கேமராவிலிருந்து என்விஆருக்கு வீட்டுக்குள்ளேயே போகிறது, இணையத்தைத் தொடுவதில்லை. வெளியூரிலிருந்து போனில் பார்க்கும்போதுதான் அப்லோடு செலவாகும். கேமராவில் நான் பயப்படுவது எண் மோதல். பொருத்துபவர்கள் வேலை சுலபமாக இருக்க என்விஆருக்கு நிலையான எண் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். சில பிராண்டுகள் பெட்டியிலிருந்து வரும்போதே 192.168.1.64, 192.168.1.108 போன்ற எண்களோடுதான் வரும். அதே எண்ணை மோடம் ஒருநாள் உங்கள் கணினிக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் அடித்துக்கொள்ளும். என்விஆரின் எண்ணைப் பார்த்து, மோடத்தின் எல்லைக்கு வெளியே, 192.168.1.10 போல ஒன்றை வைத்துவிடுங்கள்.

ஸ்விட்சில் வயர் வளையம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், உங்கள் அறிகுறிக்கு அது பொருந்தவில்லை என்றாலும். ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில், அல்லது ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே இரண்டு வயர். ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் எண் கிடையாது. வளையம் கிடைத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகும், ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்ற கணினி விஞ்ஞானி 1985-லேயே வழி கண்டுபிடித்துவிட்டார், ஆனால் வீட்டுக்கு விற்கும் மலிவு ஸ்விட்ச் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. ஓர் அலுவலகத்தில் இதை மதியம் வரை நான் தேடியிருக்கிறேன். தரை துடைத்த அம்மா, தொங்கிக்கொண்டிருந்த வயர் முனையைப் பார்த்து 'கழன்றுவிட்டது போல' என்று அக்கறையாகக் காலித் துளையில் செருகியிருந்தார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. காலையில் முதலில் அவரிடம் கேட்டிருக்கவேண்டும். நான் சர்வரைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பார்த்தும் புரியவில்லை என்றால் அடாப்டர்களைப் பாருங்கள். புதுப் பெட்டிகள் வந்ததும் ஸ்பைக் பஸ்டரில் கறுப்பு அடாப்டர்கள் கூடிவிடும், முள் எல்லாம் ஒரே அளவு. 12 வோல்ட் ரூட்டருக்கு 9 வோல்ட் அடாப்டர் போனால் விளக்கு எரியும், கொஞ்ச நேரம் ஓடும், வேலை கூடும்போது தன்னைத்தானே அணைத்து எழும். பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அடாப்டரில் இருக்கும் வோல்ட்டும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 5 வோல்ட் ஸ்விட்சில் 12-ஐச் செருகியிருந்தால் அது எங்களுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

இத்தனையையும் எந்த வரிசையில் செய்வது? கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே வரும் வயரை ஸ்விட்சிலிருந்து எடுத்து நேராகக் கணினியில் செருகுங்கள், பழையபடி. 280 வந்தால் கிளிப்பும் மோடத் துளையும் தப்பின, ஸ்விட்சோ அதன் குட்டி வயரோ மாட்டிக்கொண்டது. அப்போதும் 94 என்றால் கிளிப், அல்லது கீழே துளை. வேகத்துக்கு இது பத்து நிமிட வேலை. வந்து வந்து போகும் கோளாறுக்கு அப்படி அவசரப்பட முடியாது. பழைய ரூட்டரை மட்டும் மூன்று, நான்கு நாள் அணைத்து வையுங்கள், வேறு எதையும் தொடாமல். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

மோடமும் கணினியும் மட்டும் இருக்கும்போதும் காலையில் நெட் போனால், என் கணிப்பு தப்பு, கோளாறு வெளிப்பக்கம். அப்போது மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால், ஃபைபரில் வந்துசேரும் வெளிச்சத்தின் அளவாக 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஒரு மைனஸ் எண் இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு ஃபைபரில் அது சாதாரணமாக -8-க்கும் -27-க்கும் நடுவில் இருக்கும். -27-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ போனால் வெளிச்சம் போதவில்லை, ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு அழுக்காகியிருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் 'நெட் வரவில்லை' என்பதற்குப் பதில் அந்த எண்ணைச் சொன்னால் லைன்மேன் சீக்கிரம் வருவார் என்பது என் அனுபவம். கேமரா வயர் ஏதாவது மொட்டைமாடி வழியாக வெளியே ஓடுகிறதா, போன மாதம் இடி மின்னல் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் விழுந்த இடியில் ஸ்விட்ச் முழுதும் சாகாமல் ஒரு துளை மட்டும் அரைகுறையாகப் பிழைத்திருப்பதுண்டு; அதை இங்கிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியாது, அடுத்த துளையில் மாற்றிச் செருகி நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இன்றைக்கே செய்ய முடிந்தது ஸ்விட்சின் அடிச்சீட்டைப் படிப்பது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும், இரண்டு நாள் தாளில் இருக்கும் எண்களையும் எழுதுங்கள், 192.168 என்று தொடங்குபவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண்கள், பிறர் பார்த்தால் பாதகமில்லை. எலக்ட்ரீஷியனை அதுவரை கூப்பிட வேண்டாம்.